கிடங்கில் கிடைத்த பழைய டிராக்ஸ்டர்: சீரமைக்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை கால் மைல் நேரோட்டப் பந்தயங்களில் ஓடிய, இன்ஜினை முன்புறம் கொண்ட டிராக்ஸ்டர்களைப் பற்றியது இந்தப் பக்கம். அந்நாட்டின் வாடகைக் கிடங்குகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் பண்ணைகளிலும் இத்தகைய கார்கள் இன்றும் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றில் ஒன்றைப் பெற்றவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

ஸ்லிங்ஷாட் என்று எந்தக் காரைச் சொல்கிறார்கள்? இவை ஏன் இத்தனை காலம் கிடங்குகளில் கிடந்தன?

ஓட்டுநரின் இருக்கை பின் அச்சுக்கும் பின்னால், உண்டிவில்லின் பட்டையில் வைத்த கல்லைப் போல அமைந்திருப்பதால் இந்தப் பெயர் வந்தது. 1954இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்த பெருமையைப் பெரும்பாலோர் பந்தய ஓட்டுநர் மிக்கி தாம்சனுக்கே தருகிறார்கள். எடையின் பெரும்பகுதி பின் டயர்களின் மேல் விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் இன்ஜினும் கிளட்சும் ஓட்டுநரின் முகத்துக்கும் கால்களுக்கும் நேர் எதிரே இருந்ததால், ஏதேனும் வெடித்தால் எண்ணெயும் நெருப்பும் உலோகத் துண்டுகளும் அவர் மீதே பாய்ந்தன.

1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தடத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. அவர் மருத்துவமனைப் படுக்கையிலேயே பின்புறம் இன்ஜின் கொண்ட காரைத் திட்டமிட்டார். 1971இல் அந்தக் கார் வெற்றி பெறத் தொடங்கியதும், இரண்டே ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட்கள் போட்டியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. அவற்றின் இன்ஜின்கள் கழற்றப்பட்டுப் புதிய கார்களில் ஏறின. எஞ்சிய சட்டங்களில், அதாவது காரைத் தாங்கும் குழாய்க் கட்டமைப்புகளில் (சேசிஸ்), சில சிறிய இன்ஜின்களோடு கீழ்நிலைப் பிரிவுகளில் ஓடின, சில அறுக்கப்பட்டன, சில யாருக்கும் வேண்டாத பொருளாய் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டன. ஆகவே கிடங்கில் இன்ஜின் இல்லாத வெறும் சட்டம் கிடைத்தால் ஏமாற வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் கிடைக்கின்றன.

கார் கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். கழுவவோ துடைக்கவோ கூடாது, இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்கவும் கூடாது. கார் கிடந்த இடத்திலேயே, கிடந்த நிலையிலேயே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். அதன்பின் அந்த அறையில் உள்ள மற்றப் பொருள்களைப் பாருங்கள். துருப்பிடித்த தகரப் பெட்டிக்குள் இருக்கும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒற்றைப் பித்தளை ஜெட், சுவரில் தொங்கும் நசுங்கிய அலுமினியத் தகடு, எண்ணெய் படிந்த குறிப்பேடு ஆகிய ஒவ்வொன்றும் அந்தக் காருக்கு உரியதாக இருக்கக்கூடும். குப்பை என்று எண்ணி முதல் நாளே தூக்கி எறிந்த முன்மூக்குத் தகட்டைப் பல மாதங்களுக்குப் பிறகு பழைய புகைப்படத்தில் கண்டு வருந்துவதைவிட, எல்லாவற்றையும் எண்ணிட்டுப் பையிலிட்டு எடுத்து வருவது நல்லது.

எலிகள் கூடு கட்டியிருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான்-எலி என்னும் வகையின் எச்சத்திலிருந்து ஹான்டா வைரஸ் காற்றில் பரவும். நுரையீரலைத் தாக்கும் அந்த நோய் உயிரைப் பறிக்க வல்லது. எச்சத்தை நீர்த்த கிருமிநாசினியால் நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து துடைத்தெடுங்கள். குளோரின் கலந்த நீர் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் அரிக்கும் என்பதால், உடனே சுத்தமான ஈரத்துணியால் மறுபடி துடைக்க வேண்டும். கிளட்ச் உறைக்குள்ளும் பிரேக் பகுதிகளிலும் உள்ள தூசி ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது என்றே கொள்ளுங்கள். காற்றுக் குழாயால் ஊதித் தூய்மை செய்யும் பழக்கத்தை இந்தக் காரில் அறவே விட்டுவிட வேண்டும்.

பதிவு எண்ணே இல்லாத காருக்கு உரிமையை எப்படி நிறுவுவது?

டிராக்ஸ்டர்கள் சாலையில் ஓடியவை அல்ல; அவற்றுக்கு அரசுப் பதிவோ தொழிற்சாலை அடையாள எண்ணோ கிடையாது. எனவே விற்பவர் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரமே உங்கள் ஆதாரம். அதில் சட்டத்தின் அளவு, தனி அடையாளங்கள், உடன் வரும் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றை விரிவாக எழுதிப் படங்களையும் இணைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் ஒரு காரைப் பலர் கூட்டாக வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 'கிரீர்-பிளாக்-புரூடோம்' என்று காரின் பெயரிலேயே மூவர் இருந்தால், ஒருவர் பணம் போட்டார், ஒருவர் இன்ஜின் கட்டினார், ஒருவர் ஓட்டினார் என்று பொருள். சட்டம் ஒரு குடும்பத்துக்கும் இன்ஜின் வேறொரு குடும்பத்துக்கும் உரியதாக இருந்திருக்கலாம். அதைப் பணிக்கு முன்பே கேட்டுத் தெளிவது பின்னால் எழும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

இது எந்த ஆண்டின் கார், யார் கட்டியது என்பதை எப்படி அறிவது?

முதலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளத்தை அளந்து பாருங்கள். 1950களின் இறுதியில் அது ஏறக்குறைய 100 அங்குலத்தை ஒட்டியிருந்தது. 1960களின் முற்பகுதியில் 110 முதல் 130 அங்குலம் வரை சென்று, பத்தாண்டின் முடிவில் 200 அங்குலத்தைத் தாண்டியது. அடுத்து ஓட்டுநரின் தலைக்குப் பின்னுள்ள பாதுகாப்பு வளைவைக் கவனியுங்கள். தொடக்கத்தில் எளிய ஒற்றை வளைவாக இருந்தது, ஆண்டுகள் செல்லச் செல்லத் தோள்களையும் பக்கங்களையும் சூழும் கூண்டாக வளர்ந்தது. புகைக் குழாய்கள் தரையை நோக்கி வளைந்திருந்தால் பெரும்பாலும் 1964க்கு முந்தைய அமைப்பு. மேல்நோக்கிப் பின்புறம் சாய்ந்த 'ஜூமி' குழாய்கள் அதன் பிறகு பரவியவை. ஆனால் குழாய்களையும் சக்கரங்களையும் ஒரே மாலையில் மாற்றிவிடலாம் என்பதால் அவற்றைச் சான்றாகத் தனியே நம்பக் கூடாது. சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டவையே உறுதியாகப் பேசும்.

கட்டியவரை அறிவது இதைவிட நுட்பமான வேலை. கென்ட் ஃபுல்லர், உட்டி கில்மோர், டான் லாங், ஃபிராங்க் ஹுசார், மிச்சிகனின் லோகி சகோதரர்கள், கார்ல்ஸ்பாடில் இயங்கிய டிராக்மாஸ்டர் என ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக் கைவண்ணம் இருந்தது. சிலர் எண் பொறித்தார்கள், பலர் பொறிக்கவில்லை. ஆனால் முறுக்கத்தால் வில்லாகச் செயல்படும் முன் டார்ஷன் கம்பியைத் தாங்கும் இணைப்பு, ஸ்டியரிங் கை, இரு குழாய்கள் சேரும் மூலைக்கு வைக்கும் முக்கோணத் தகடு, அதைப் பற்றவைத்த பூச்சின் அலை ஆகியவை கையெழுத்தைப் போன்றவை. ஐயமில்லாமல் அறியப்பட்ட ஒரு காரின் அருகே உங்கள் காரின் படங்களை வைத்து ஒப்பிடுங்கள். உடலை மடித்த தகட்டுக் கலைஞர்களான வெய்ன் யூயிங், டாம் ஹன்னா, ஆர்னி ராபர்ட்ஸ் ஆகியோரின் வளைவுகளையும் பழகிய கண் பிரித்தறியும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத் தொடங்கலாமா?

கூடாது. மிகுதியான இழப்பு ஏற்படுவது இந்த ஒரே இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்ததைப் போல, பலமுறை கைமாறிய பந்தயக் காரில் ஒவ்வொரு உரிமையாளரின் நிறமும் முந்தையவரின் நிறத்தின் மேலேயே இருக்கிறது. எழுத்துகள் வரையப்பட்ட இடத்தில் பெயின்ட்டின் தடிப்பு சிறிது வேறுபடும். இருட்டறையில் விளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், மேலே ஒற்றைச் சிவப்பாகத் தெரியும் பக்கத்தில் பழைய பெயரின் விளிம்புகள் நிழலாய் எழுந்து வரும். அந்த நிழலைப் படமெடுத்து, ஒளிபுகும் தாளில் அளவு மாறாமல் வரைந்துகொள்ளுங்கள்.

அதன்பின், இருக்கைக்கு அடியிலோ தகட்டின் உள்மடிப்பிலோ கண்ணில் படாத ஓரிடத்தில், ஒரு நாணயத்தின் அளவுக்கு, மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் வளையங்களைப் போல நிற அடுக்குகள் வரிசையாகத் தெரியும். வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பல முறை பூசுவதே அக்காலத்தின் கேண்டி வேலை. எனவே ஒரு வெள்ளி வளையத்தின் மேல் மெல்லிய செவ்வளையம் இருந்தால் இரண்டும் ஒரே தோற்றத்துக்கு உரியவை, இரண்டு காலங்களுக்கு உரியவை அல்ல. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்த் தேய்ப்பு வேண்டாம்.

பெயின்ட் பாதிக்கு மேல் நிலைத்திருந்தால் அதை அப்படியே காப்பாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தங்க இலை ஒட்டி எழுதிய பெயர் வெடித்தும் உரிந்தும் இருக்கலாம். ஆயினும் அது அந்த மனிதர் தம் கையால் எழுதியது. இன்று எவ்வளவு திறமையாக எழுதினாலும் அதன் நகலைத்தான் நாம் பெற முடியும்.

ஒரே காரைத் தம்முடையது என்று இருவர் சொன்னால் யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கக்கூடும். விபத்துக்குப் பிறகு முன்பாதியை அறுத்துப் புதிதாக இணைப்பதும், சட்டத்தை நீட்டுவதும் அன்றாட வேலையாக இருந்தன. வெட்டிய பாதி வேறொருவர் கையில் இன்னொரு காராக ஆகியிருக்கலாம். குழாய்களைப் பிடித்து நிறுத்தும் ஒரே மாதிரிச் சட்டகத்தில் (ஜிக்) ஒரே பட்டறை பல சட்டங்களைக் கட்டியதும் குழப்பத்துக்குக் காரணம். ஓட்டுநர் அமர்ந்த கூண்டும் இன்ஜின் தாங்கிகளும் உள்ள பின்பகுதியே காரின் உயிர்ப்பகுதி என்று நான் கருதுகிறேன். எனினும் எதை வைத்திருக்கிறீர்களோ அதை அப்படியே எழுதி வையுங்கள்: எந்தக் குழாய் அசல், எது பின்னர் மாற்றியது, எது நீங்கள் சேர்த்தது என்பது வரைபடமாகவே காரோடு இருக்க வேண்டும். அசல் குழாய் ஒன்றுகூட இல்லாமல் கட்டியதை 'மறுபடைப்பு' என்றே அழைக்க வேண்டும். அதில் இழிவு எதுவும் இல்லை. அதைச் 'சீரமைப்பு' என்று சொல்லி விற்பதே தவறு.

எந்தக் காலத்தின் தோற்றத்துக்குச் சீரமைப்பது?

ஒரு கார் நான்கு பருவங்கள் ஓடியிருந்தால் நான்கு முகங்கள் இருக்கும். புகழ்பெற்ற வெற்றியின் நாளைத் தேர்ந்தெடுக்க மனம் விரும்பும். ஆனால் அந்நாளுக்குப் பிறகு சட்டம் நீட்டப்பட்டிருந்தால், பழைய நீளத்துக்குக் கொண்டுவர அசல் உலோகத்தை வெட்ட வேண்டியிருக்கும். இருக்கும் உலோகத்தோடு பொருந்தும் கடைசித் தோற்றத்தைத் தேர்வதே பெரும்பாலும் நல்லது. தேர்ந்த நாளுக்குத் தெளிவான படங்கள் உள்ளனவா என்றும் பாருங்கள். அக்காலத்து வார இதழான 'டிராக் நியூஸ்', நேரோட்டப் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் 'நேஷனல் டிராக்ஸ்டர்', பந்தயத் தடங்களின் நிகழ்ச்சி நிரல்கள், உரிமையாளர் குடும்பங்களின் ஆல்பங்கள் ஆகிய நான்கும் முதன்மைச் சான்றுகள். வண்ணப்படம் கிடைத்தால் நிறத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள். பழைய படச்சுருளின் சாயம் மங்கித் திரிந்திருக்கும், தகட்டில் கண்ட வளையமே சரியான நிறத்தைச் சொல்லும்.

என்.எச்.ஆர்.ஏ. 1957 முதல் 1963 வரை தன் போட்டிகளில் நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ) என்னும் எரிபொருளைத் தடை செய்திருந்தது. ஆகவே அந்த ஆண்டுகளில் ஒரே கார் ஒரு வாரம் பெட்ரோலிலும் மறுவாரம் அத்தடைக்கு உட்படாத, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு போன்ற தடங்களில் நைட்ரோவிலும் ஓடியிருக்கலாம். எரிபொருள் பம்ப், நாசில்கள், தொட்டி ஆகியவற்றைத் தேர்ந்த நாளோடு ஒத்துப்பார்த்தே பொருத்த வேண்டும்.

சட்டத்தின் வலிமையை எவ்வாறு சோதிப்பது?

சிறந்த சட்டங்கள் 4130 என்னும் குரோம்-மாலி எஃகுக் குழாயால் ஆனவை. மெல்லிய சுவரிலேயே மிகுந்த வலிமை தரும் அந்தக் குழாய், உள்ளே நீர் தேங்கினால் வெளியே எதுவும் காட்டாமலேயே அரிக்கும். ஒலியலைத் தடிப்புமானியைக் கொண்டு ஒவ்வொரு குழாயின் கீழ்ப்பக்கத்தையும் பல இடங்களில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். மூட்டுகளைக் காந்தத் துகள் சோதனைக்கு உட்படுத்தினால் கண்ணுக்குப் படாத வெடிப்புகள் கோடாகத் தெரியும். சட்டம் வளைந்திருப்பதைக் கண்டு உடனே நிமிர்த்த வேண்டாம். 1960களின் பிற்பகுதியில், குறிப்பாகக் கில்மோரின் கைப்பணியில், நீண்ட சட்டங்கள் ஓட்டத்தின்போது வளைந்து கொடுக்கும் நோக்கத்துடனேயே கட்டப்பட்டன.

சட்டம் முழுவதும் குரோம் பூசியிருக்கிறது. மறுபடி பூசலாமா?

காட்சிக்கு மட்டும் என்றால் பூசலாம், அதுவும் விதிகளுக்கு உட்பட்டு. அமிலக் குளியலிலும் மின்பூச்சிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் அடுப்பில் வைத்தால் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். நீண்ட சட்டத்தை முழுதாக வைக்கும் அடுப்பு எளிதில் கிடைக்காது என்பதுதான் சிக்கல். ஸ்டியரிங் பாகங்களையும் முன் அச்சையும் இந்த வேலைக்கு அனுப்புமுன் நன்கு எண்ணிப் பாருங்கள். குரோமின் மேலேயே பற்றவைப்பது நஞ்சுப் புகையை எழுப்பும்; பூச்சை முற்றிலும் நீக்கிய பிறகே வெல்டிங் செய்ய வேண்டும்.

இன்ஜினில் எவற்றைக் காப்பாற்றலாம், எவற்றைக் கைவிட வேண்டும்?

இவ்வகைக் கார்களின் அரசன் அரைக்கோள எரியறைகளைக் கொண்ட, கிரைஸ்லரின் 392 கன அங்குல ஹெமி இன்ஜின். 1957, 1958 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்த அந்த வார்ப்பிரும்புப் பிளாக் எந்த நிலையில் இருந்தாலும் காப்பாற்ற முயல வேண்டும். சிலிண்டர் சுவரில் குழிகள் விழுந்திருந்தால் புதிய உறை செருகலாம். அதே வடிவைத் தழுவிய அலுமினிய டோனவன் 417 பிளாக் 1971இல்தான் வந்தது. அது இருந்தால், காரின் கடைசி நாட்களிலோ அதற்குப் பின்போ மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

பிஸ்டன்கள் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி வாரக் கணக்கில் காத்திருங்கள். அலுமினியக் கனெக்டிங் ராடுகள் மட்டும் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மறுபடி ஓட உதவா. களைப்படைந்த அலுமினியம் முன்னறிவிப்பின்றி முறியும். அவற்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் புதியன வாங்குங்கள்.

மேலே அமர்ந்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் 6-71 பிளவர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரண்டு-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினிலிருந்து எடுத்தது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே அப்பெயரின் பொருள். அதன் உறைக்குள் வெண்ணிறப் படிவம் இருந்தால், தேங்கிய மெத்தனால் அலுமினியத்தை அரித்திருக்கிறது. ஹில்பார்ன், எண்டர்லி நிறுவனங்களின் எரிபொருள் இன்ஜெக்டர்களிலும் தொட்டியிலும் அதே படிவம் நாசில்களை அடைத்திருக்கும். பற்றவைப்புப் பொறியை உண்டாக்கும் மேக்னீட்டோவின் காந்தம் காலப்போக்கில் வலிமை குன்றும். அதைத் திரும்பக் காந்தமேற்றி, சோதனை மேசையில் பொறி வருவதைப் பார்த்த பின்பே பொருத்த வேண்டும்.

மக்னீசியப் பாகங்களுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. ஹாலிபிராண்ட் சக்கரங்கள், பன்னிரு ஆரம் கொண்ட அமெரிக்கன் முன் சக்கரங்கள், சில கார்களில் உடல் தகடுகளும்கூட மக்னீசியம். ஈரத்தில் அது பொருக்குத் தட்டி உதிரும். ஒளிரும் சாயம் ஊறவைத்து வெடிப்புத் தேடுங்கள். காந்தச் சோதனை இதற்குப் பயன்படாது. தேய்க்கும்போது எழும் தூளும் சீவலும் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது, அது தீயை இன்னும் பெருக்கும். உலோகத் தீக்கு உரிய தூளையோ உலர்ந்த மணலையோ அருகில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

டயர், பாராசூட், பெல்ட் ஆகியவை?

இவை அசலாக இருந்தால் காட்சிக்கு மட்டும். எம் அண்ட் எச் நிறுவனத்தின் பழைய டயரின் ரப்பர் கல்லாகியிருக்கும், பாராசூட்டின் நைலானும் தோள் பெல்ட்டுகளும் ஒளியாலும் அமிலத்தாலும் நலிந்திருக்கும். இருக்கையின் பழைய வினைல் உறையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் மாற்றாதீர்கள்.

சீரமைத்த காரை மறுபடி பந்தயத்தில் ஓட்டலாமா?

அசல் சட்டத்தில் வேண்டாம். இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு அந்தக் கூண்டு போதாது. போதுமானதாக்கக் குழாய்களைச் சேர்த்தால் நீங்கள் காப்பாற்ற வந்த பொருளே மாறிவிடும். பழைய பாணிப் பந்தயங்களில் ஓடும் முன்-இன்ஜின் கார்கள் பெரும்பாலும் புதிய சட்டத்தில் கட்டியவை. அசல் கார்களுக்கு உரிய மேடை 'கேக்கிள்' நிகழ்ச்சிகள். பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஃபமோசோ தடத்தில் இருள் கவியும் நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக வண்டியால் தள்ளி உயிர்ப்பித்து, வரிசையாக நிறுத்தி, நைட்ரோவில் முழங்க விடுகிறார்கள். புகைக் குழாய்களிலிருந்து தீநாக்குகள் எழும்போது தரையதிர்வை நெஞ்சில் உணர்பவருக்கு, கார் ஓடவில்லையே என்ற குறை தோன்றாது.

நைட்ரோவில் முதன்முறை இயக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனெனில் அது தன் ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆகவே இன்ஜினுக்குள் செல்லும் திரவத்தின் அளவு மிக அதிகம். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதில் திரவம் நிறையும். திரவம் அமுங்காது என்பதால் ராடு வளையும் அல்லது சிலிண்டர் தலை பிளந்து எழும். எனவே முதல் சில முறை மெத்தனாலில் மட்டும் இயக்கி, எட்டுக் குழாய்களும் ஒரே அளவு சூடாவதை உறுதி செய்யுங்கள். தள்ளிக்கொண்டு செல்லும்போது எண்ணெய் அழுத்தம் ஏறுவதைக் கண்ட பின்பே மேக்னீட்டோ சுவிட்சைத் திறந்து எரிபொருளை விடுங்கள்.

பிளவரைப் பட்டைகளால் கட்டி வையுங்கள். கிளட்ச் உறை இக்காலச் சான்று பெற்றதாக இருக்கட்டும். இந்த ஓரிடத்தில் அசலைவிடக் கால்களே முக்கியம். புகையில் நைட்ரிக் அமில ஆவி இருப்பதால் ஓட்டுநர் முகக்கவசம் இன்றி அமரக் கூடாது, குழந்தைகளைக் காற்று வீசும் திசையில் நிறுத்தவும் கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்?

காருக்குக் கார் மாறும். இன்ஜின் இல்லாமல் கிடைத்த காரில் பெரும்பங்கு இன்ஜினுக்கே போகும் என்பதை மட்டும் எண்ணித் திட்டமிடுங்கள்.

ஓடிய பிறகு காரை எப்படி எடுத்து வைப்பது?

அன்றிரவே வேலையை முடிக்க வேண்டும், மறுநாள் வரை விடக் கூடாது. நைட்ரோ கலந்த எண்ணெய் நீர்த்து அமிலமாகியிருக்கும் என்பதால் சூடு ஆறும் முன்பே அதை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். தொட்டி, பம்ப், நாசில் அனைத்தையும் காலி செய்து, எண்ணெய் கலந்த எரிபொருளால் அலசுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் காப்பு எண்ணெயைத் தெளித்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, புகைக் குழாய்களின் வாய்களை மூடுங்கள். மூடியதற்கு அடையாளமாக ஸ்டியரிங்கில் ஓர் அட்டை தொங்க வேண்டும். தேதி, ஊற்றிய எண்ணெய், இன்ஜின் நின்ற நிலை, அடுத்து யாராவது திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆகிய நான்கையும் அதில் எழுதி வையுங்கள். நீங்கள் கிடங்கைத் திறந்த நாளில் உங்களுக்குக் கிடைக்காமல் போன அட்டை அதுதான்.